செஸ் நன்றாக ஆடுகிறாள், கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது: வியூக விளையாட்டால் கணக்கு வளருமா?

கேள்வி – ஜூன் 3

மகளுக்கு எட்டு வயது. கணக்கும் யோசிக்கும் திறனும் வளரும் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு செஸ் வகுப்பில் சேர்த்தோம். ஒரு வருடம் ஆகிறது. ஆட்டம் நன்றாக வந்துவிட்டது. ஆனால் வகுத்தலில் மீதி வந்தால் இன்னும் முழிக்கிறாள். வியூக விளையாட்டு கணக்கை வளர்க்கும் என்பது வெறும் பேச்சுதானா?

ஜூன் 3, இரவு

வெறும் பேச்சு இல்லை. ஆனால் செஸ் ஆடினால் கணக்கு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்தார்கள்; முடிவு 2016-ல் வந்தது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 30 மணி நேரம் செஸ் சொல்லித் தந்து, ஒரு வருடம் கழித்துக் கணக்குத் தேர்வில் பார்த்தார்கள். செஸ் கற்ற பள்ளிகளுக்கும் கற்காத பள்ளிகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஏன் என்று புரிந்துகொள்ள இன்னும் பழைய சோதனை ஒன்று உதவும். 1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நடுவில் நின்ற செஸ் ஆட்டம் ஒன்றைச் சில நொடிகள் மட்டும் காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் கிட்டத்தட்ட முழுதாக அடுக்கினார், புதியவர் தடுமாறினார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டியபோது தேர்ந்தவரின் அனுகூலம் போய்விட்டது. அவரிடம் வளர்ந்திருந்தது பொதுவான ஞாபகசக்தி இல்லை. செஸ் காய்கள் எப்படிக் கூடி நிற்கும் என்ற பரிச்சயம்.

உங்கள் மகளுக்கு நடந்ததும் இதுதான். செஸ்ஸில் செய்த உழைப்பு செஸ்ஸில் பலித்திருக்கிறது. மீதி வருகிற வகுத்தல் புரிய வேண்டுமென்றால், மீதி வருகிற விளையாட்டை ஆட வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். பிடித்து ஆடுகிறாள் என்றால் அதுவே போதுமான காரணம். செஸ் பலகையை வைத்தே கணக்குக்குப் போகும் வழி ஒன்றும் உண்டு. அது பிறகு.

ஜூன் 4

கல் எடுக்கும் ஆட்டம். பொத்தான், புளியங்கொட்டை, சோழி, எதுவானாலும் சரி. இரண்டு பேர், நடுவில் ஒரே குவியல். முறைக்கு 1 அல்லது 2 கல் எடுக்கலாம். கடைசிக் கல்லை எடுப்பவர் வெற்றி.

முதலில் 7 கல்லோடு ஆரம்பியுங்கள். பெரியவர்கள் பலரும் 21 கல்லில் ஆரம்பித்துவிடுகிறார்கள். 21-ல் பிள்ளைக்கு முக்கால்வாசி ஆட்டம் இருட்டு. முடிவு எங்கே தீர்மானமானது என்றே தெரியாது. 7-ல் ஓர் ஆட்டம் அரை நிமிடத்தில் முடியும், பத்து ஆட்டம் ஓடிவிடும். அதற்குள், “மூன்று கல் என் முன்னால் இருந்தால் நான் காலி” என்று பிள்ளையே சொல்லும். சொல்லும் வரை நீங்கள் சொல்லாதீர்கள்.

சொன்ன பிறகுதான் காகிதம். ஒரு நீளப் பட்டையில் 1 முதல் 12 வரை கட்டம் போட்டு எண் எழுதுங்கள். “இத்தனை கல் இருக்கும்போது என் முறை வந்தால் நான் ஜெயிப்பேனா தோற்பேனா?” என்பதுதான் கேள்வி. 1, 2: உடனே ஜெயிக்கலாம், ‘ஜெ’. 3: ஒன்று எடுத்தால் எதிராளிக்கு 2, இரண்டு எடுத்தால் 1, இரண்டுமே அவருக்கு ‘ஜெ’. ஆகவே 3 ‘தோ’. 4-லும் 5-லும் எதிராளியை 3-ல் கொண்டுபோய் நிறுத்தலாம், அவை ‘ஜெ’. 6 மறுபடி ‘தோ’. பின்னாலிருந்து முன்னால் வருகிற இந்த யோசனைதான் இந்த ஆட்டத்தின் உயிர். செஸ்ஸில் இதைச் செய்ய முடியாது; நகர்வுகள் கிளை கிளையாகப் பிரியும் மரம் அவ்வளவு பெரியது. இங்கே எட்டு வயதுப் பிள்ளை ஒரு காகிதத்துண்டில் முழு ஆட்டத்தையும் தீர்த்துவிடுகிறது.

பட்டை நிரம்பியதும் 3, 6, 9, 12 கண்ணில் படும். இங்கேதான் பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள். “மூன்றின் மடங்கை விட்டுவை” என்பதைச் சூத்திரமாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை நண்பர்களை ஜெயிக்கும், கணக்கு எதுவும் உள்ளே போகாது. கேட்க வேண்டியது, ஏன் மூன்று? அவர் 1 எடுத்தால் நான் 2, அவர் 2 எடுத்தால் நான் 1; ஒரு சுற்றுக்குச் சேர்ந்து 3. இந்த ஜோடி விடை பிள்ளையின் வாயில் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

இப்போது விதியை மாற்றுங்கள்: 1, 2, 3 வரை எடுக்கலாம். 23 கல். யார் முதலில் ஆடுவது, எத்தனை எடுப்பது? ஒரு சுற்றுக்கு 4. 23-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 3. ஆகவே முதலில் ஆடி 3 எடு. மீதி என்பது இங்கே நோட்டில் கடைசியாக எழுதித் தள்ளுகிற எண் இல்லை, அதுதான் விடையே. பிறகு கல்லே இல்லாமல் கேளுங்கள்: 1000 கல், 1 முதல் 6 வரை எடுக்கலாம். 7-ஆல் வகு, 994 போக மீதி 6. இதற்குள் நீள் வகுத்தலை அவளே காகிதத்தில் போட்டிருப்பாள்.

ஜூன் 4, மாலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒவ்வொரு நகர்வுக்கும் ஏன் ஏன் என்று கேட்க வேண்டுமா?”

வேண்டாம். ஆட்டம் செத்துப்போகும். ஆட்டம் நடக்கும்போது வாயைத் திறக்காமல் ஆடுங்கள். முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி. “எந்த இடத்தில் தெரிந்தது நீ ஜெயிக்கப்போகிறாய் என்று?” நான் பார்த்தவரை இதைவிட நல்ல கேள்வி கிடையாது, “ஏன் அப்படி ஆடினாய்?” என்பதில் குற்றம் சாட்டுகிற தொனி வந்துவிடுகிறது. பிள்ளை பதில் சொல்லாமல் கல்லைத் திரும்ப அடுக்கி அந்த இடத்தைக் காட்டினால், அதுவும் பதில்தான்.

ஜூன் 6

நான்காம் தேதிக் குறிப்போடு சேர்க்க வேண்டியது. “அதிகபட்சம் எடுக்கக்கூடியதோடு ஒன்றைக் கூட்டு, அதன் மடங்கு” என்று பிள்ளை பொது விதி கண்டுபிடித்துவிடும். பாராட்டிவிட்டு, அந்த விதி உடைகிற ஆட்டங்களைக் கொடுங்கள்.

1, 2, 4 எடுக்கலாம் (3 கூடாது). விதிப்படி 5-இன் மடங்கு வர வேண்டும். பட்டை போட்டுப் பார்த்தால் பழையபடி 3, 6, 9தான். 4-ஐச் சேர்த்தது எதையும் மாற்றவில்லை, ஏனென்றால் 4-ஐ மூன்றால் வகுத்தாலும் மீதி 1.

1, 3, 5 எடுக்கலாம். இதில் தோற்கும் எண்கள் எல்லா இரட்டைப்படையும். கொஞ்சம் ஆடியதும் பிள்ளைக்குச் சந்தேகம் வரும்: எப்படி ஆடினாலும் ஒரே ஆள்தான் ஜெயிக்கிறார். உண்மைதான். ஒவ்வொரு முறையும் ஒற்றைப்படை எண்ணே குறைவதால், ஆரம்பக் கல் ஒற்றைப்படை என்றால் முதல் ஆள், இரட்டைப்படை என்றால் இரண்டாம் ஆள். யோசிக்கவே தேவையில்லாத ஆட்டம் என்று நிரூபிப்பதற்குத்தான் யோசனை தேவைப்படுகிறது.

1, 3, 4 எடுக்கலாம். இது பெரிய பிள்ளைகளுக்கு, பத்து வயதுக்கு மேல். தோற்கும் எண்கள் 2, 7, 9, 14, 16. ஐந்தைக் கூட்டி, இரண்டைக் கூட்டி, ஐந்தைக் கூட்டி… 7-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 2 வருபவை. பட்டை குறைந்தது 16 வரை இருக்க வேண்டும். 10-ல் நிறுத்தினால் 2, 7, 9 மட்டும் தெரியும், ஒழுங்கே இல்லை என்று பிள்ளை கைவிட்டுவிடும்.

கடைசிக் கல் எடுப்பவர் தோல்வி என்று திருப்பிப் போடுவதும் உண்டு. 1, 2 எடுக்கும் ஆட்டத்தில் தோற்கும் எண்கள் அப்போது 1, 4, 7, 10. எல்லாம் ஒன்று நகர்ந்திருக்கும்.

ஜூன் 7

“ஐந்து வயதுக்கு இதெல்லாம் அதிகம், அவர்களுக்கு என்ன?” என்று கேட்டவருக்கு.

அந்த வயதுக்கு வியூகம் வேண்டாம், எண் வரிசை போதும். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ராமானி, சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் செய்தது: நேர்கோட்டில் 1 முதல் 10 வரை எண் எழுதிய பலகை, 1 அல்லது 2 விழும் சுழல்முள், இரண்டு வாரத்துக்குள் நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 15, 20 நிமிடம். எது பெரிய எண் என்று சொல்வது, எண் கோட்டில் இடம் காட்டுவது எல்லாவற்றிலும் முன்னேற்றம் வந்தது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் நிறம் போட்டு ஆடிய பிள்ளைகளுக்கு வரவில்லை. வட்டப் பலகையில் எண் எழுதிப் பார்த்தபோதும் நேர்கோட்டுப் பலகை அளவுக்குப் பலன் இல்லை.

செய்முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய் 5-ல் நிற்கிறது, 2 விழுகிறது. பிள்ளை “ஒண்ணு, ரெண்டு” என்று நகர்த்தும். அப்படி விடக்கூடாது, கட்டத்தில் எழுதியிருப்பதைப் படித்து “ஆறு, ஏழு” என்று நகர்த்த வேண்டும். பின்னால் வந்த சோதனையில், இப்படி மேலே எண்ணிச் சென்றவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. மற்றபடி அது விரல் நகர்த்தும் பயிற்சி.

பாம்பு ஏணிப் பலகை இதற்கு அவ்வளவு சரிவராது. ஒரு வரிசை வலப்புறம் போகும், அடுத்தது இடப்புறம் திரும்பும். 11 எங்கே 20 எங்கே என்பது குழம்பும். அட்டையில் நீங்களே பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, எல்லா வரிசையும் இடமிருந்து வலமாக எழுதுங்கள். அப்போது 34-க்கு நேர் மேலேயோ கீழேயோ 44 இருக்கும், பத்து கூட்டுவது ஒரு கட்டத் தாவலாகத் தெரியும்.

ஆறு வயதானதும் இதே பலகையில் தேர்வைச் சேர்க்கலாம். இரண்டு பகடை உருட்டி, ஒன்றை முன்னால் போகவும் மற்றதைப் பின்னால் வரவும் பயன்படுத்தச் சொல்லுங்கள். எதை எதற்கு என்பது ஆடுபவர் இஷ்டம். சில கட்டங்களில் பரிசு, சில கட்டங்களில் பள்ளம். 5-உம் 2-உம் விழுந்தால் 3 முன்னால் போவதா 3 பின்னால் வருவதா? கூட்டலும் கழித்தலும் ஒரே நகர்வில்.

ஜூன் 9

பதினைந்து ஆட்டம். 1 முதல் 9 வரை ஒன்பது சீட்டு, எழுத்து மேலே தெரியப் பரப்பி வையுங்கள். மாறி மாறி ஒரு சீட்டு எடுக்க வேண்டும். கையில் இருப்பவற்றில் ஏதாவது மூன்று சீட்டு கூட்டி 15 வந்தால் வெற்றி. மூன்றுதான், 7-உம் 8-உம் சேர்ந்து 15 என்று இரண்டு சீட்டைக் காட்டினால் செல்லாது. இந்த விதியை முதலிலேயே சொல்லாவிட்டால் நடுவில் சண்டை வரும்.

ஏழு, எட்டு வயதுக்கு இது தலைதெறிக்கும் கூட்டல் பயிற்சி. தன் கையில் 2, 6 இருந்தால் 7 வேண்டும். எதிராளி கையில் 4, 8 இருந்தால் 3-ஐத் தடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில். நான்கைந்து ஆட்டம் ஆனதும் மொத்தம் எத்தனை வழியில் 15 வரும் என்று எழுதச் சொல்லுங்கள். எட்டு வழி: 1-5-9, 1-6-8, 2-4-9, 2-5-8, 2-6-7, 3-4-8, 3-5-7, 4-5-6. ஒன்றிரண்டு விட்டுப்போகும், விடாமல் எழுத ஒழுங்கு வேண்டும் என்பதே பாடம். சிறிய எண்ணிலிருந்து ஆரம்பித்து ஏறிக்கொண்டே போவது. பிறகு எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 5 நான்கு முறை, இரட்டைப்படை எண்கள் மூன்று முறை, மற்ற ஒற்றைப்படை எண்கள் இரண்டு முறை.

இப்போது மூன்றுக்கு மூன்று கட்டம் வரைந்து இப்படி எழுதுங்கள்:

2 7 6
9 5 1
4 3 8

படுக்கை, நெட்டை, மூலை, எட்டுக் கோட்டிலும் 15. அதாவது இத்தனை நேரம் ஆடியது எக்ஸ்-ஓ ஆட்டம்தான். 5 நடுக்கட்டம், இரட்டைப்படை மூலைகள். வெவ்வேறாகத் தெரியும் இரண்டு விஷயம் உள்ளே ஒன்றாக இருக்கலாம் என்பதைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. தயவுசெய்து கட்டத்தை முதலிலேயே காட்டிவிடாதீர்கள்.

ஜூன் 9, இரவு

பகடை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: இரண்டு பகடைக் கூட்டுத்தொகைக்கு 2 முதல் 12 வரை பதினோரு குதிரை, விழுந்த எண்ணின் குதிரை ஒரு கட்டம் நகரும், பத்துக் கட்டம் போனால் வெற்றி. பிள்ளைகள் 12-ஐத்தான் தேர்ந்தெடுப்பார்கள், பெரிய எண் என்பதால். சில பந்தயத்துக்குப் பிறகு ஆறுக்கு ஆறு அட்டவணை போடுங்கள்: 36 கட்டத்தில் 7 ஆறு இடத்தில், 12 ஒரே இடத்தில். பகடை இரண்டும் வேறு வேறு நிறமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் 3-4, 4-3 இரண்டும் ஒன்றுதானே என்ற வாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜூன் 11

எண் ஊகிக்கும் ஆட்டங்கள். 1 முதல் 100 வரை ஒரு எண், “பெரிது, சிறிது” என்று பதில். பிள்ளை “37-ஆ?” என்று குருட்டாம்போக்கில் கேட்கும். ஏழு கேள்விக்குள் எந்த எண்ணையும் பிடிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, எண் பட்டையில் அடித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை எண் அடிபடுகிறது என்று பார்க்க ஆரம்பித்ததும் பாதியில் வெட்டுவது தானாக வரும்.

அடுத்த படி, இலக்கம் ஊகித்தல். ஒருவர் மூன்று இலக்க எண்ணை ரகசியமாக எழுதுவார், இலக்கம் திரும்ப வராது. மற்றவர் ஊகிப்பார். பதிலில் இரண்டு எண்ணிக்கை: எத்தனை இலக்கம் சரியான இடத்தில், எத்தனை இலக்கம் இருக்கிறது ஆனால் இடம் மாறி. நான்கு இலக்கம், 0 முதல் 9 வரை என்று ஆரம்பித்தால் 5040 சாத்தியம், பிள்ளை மூழ்கிவிடும். 1 முதல் 5 வரையான இலக்கங்கள் மட்டும், மூன்று இடம்; 5×4×3, அறுபது சாத்தியம்.

ஒரு ஆட்டத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஊகம் 123. பதில்: சரியான இடம் 1, இடம் மாறியது 1. என்ன மிச்சம்? 1 தன் இடத்தில் இருந்தால், 2 மூன்றாம் இடத்துக்குப் போயிருக்க வேண்டும் (142, 152), அல்லது 3 இரண்டாம் இடத்துக்கு (134, 135). 2 தன் இடத்தில் இருந்தால் 421, 521, 324, 325. 3 தன் இடத்தில் இருந்தால் 413, 513, 243, 253. அறுபது பன்னிரண்டாகச் சுருங்கிவிட்டது. அடுத்த ஊகம் 142 என்றால், எந்தப் பதில் வந்தாலும் அதிகபட்சம் மூன்று எண்தான் மிஞ்சும். பன்னிரண்டையும் 142-ஓடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இந்தப் பன்னிரண்டையும் விடாமல் எழுதுவதுதான் வேலை, ஊகிப்பது அப்புறம்.

இதில் கெடுவது பெரும்பாலும் பதில் சொல்பவரால். ஒரு தவறான பதில் வந்தால் மிச்சமே இல்லாமல் போகும், பிள்ளை தன்மேல் சந்தேகப்பட்டு அழும். ரகசிய எண்ணைக் காகிதத்தில் எழுதி மடித்து வைக்க வேண்டும். ஊகத்தை அதன் அடியிலேயே இடம் பார்த்து எழுதி ஒப்பிட வேண்டும், மனதில் ஒப்பிடக்கூடாது. பிள்ளை ஊகிக்கும் பங்கை மட்டும் எடுக்காமல் பதில் சொல்லும் பங்கையும் எடுக்கட்டும், அதுவும் கவனப் பயிற்சி.

ஜூன் 12

செல்போன் செயலிகள்? கல் எடுக்கும் ஆட்டத்தில் பிள்ளைக்கு ஒரு ஊகம் பிறந்து, அதைப் பத்து முறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் நல்லது, சலிக்காத எதிராளி. ஊகம் பிறப்பதற்கு முன்னால் வேண்டாம்.

ஜூன் 14

சொன்னபடி செஸ் பலகைக்கு வருகிறேன். கேள்வி கேட்டவரின் மகளுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன், காய் நகர்வு ஏற்கெனவே தெரியும் என்பதால்.

பலகையில் ஒரே ஒரு காய். இருவரும் மாறி மாறி அதையே நகர்த்துகிறார்கள். ஏ1 மூலைக்கு, அதாவது இடது கீழ் மூலைக்கு, கொண்டுபோய்ச் சேர்ப்பவர் வெற்றி (நெட்டைகள் இடமிருந்து ஏ முதல் ஹெச் வரை, வரிசைகள் கீழிருந்து 1 முதல் 8 வரை). மூலையை நோக்கி மட்டுமே நகரலாம்: இடப்புறம், கீழ்ப்புறம், குறுக்கே கீழ்-இடம்.

முதலில் யானை. குறுக்கே போகாது. ஏ1-லிருந்து ஹெச்8 வரை போகும் மூலைக்கோட்டில் எதிராளிக்கு விட்டுவைத்தால் வெற்றி. அவர் கோட்டிலிருந்து எத்தனை கட்டம் விலக்குகிறாரோ அத்தனை நீங்கள் மறுபுறம் நகர்த்தித் திரும்பக் கோட்டுக்கு வந்துவிடலாம். சமச்சீர் என்பது என்ன வேலை செய்யும் என்று இங்கே கையில் தெரியும்.

அடுத்து ராஜா, ஒரே ஒரு கட்டம். ஏ, சி, இ, ஜி நெட்டைகளில் 1, 3, 5, 7 வரிசைகள், இந்தப் பதினாறு கட்டங்களும் தோற்கும் கட்டங்கள். இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

பிறகு ராணி. இங்கே ஊகித்துப் பயனில்லை, பட்டை முறையையே பலகையில் செய்ய வேண்டும். ஏ1-ல் ஒரு காசு வையுங்கள்; காசு இருந்தால் அது எதிராளிக்கு விட்டுவைக்க வேண்டிய கட்டம். எந்தக் கட்டங்களிலிருந்து ராணி ஒரே நகர்வில் ஏ1-க்கு வர முடியுமோ அவை எல்லாம் ஜெயிக்கும் கட்டங்கள், பென்சிலால் அடியுங்கள் (பலகையைக் காகிதத்தில் வரைந்துகொள்வது நல்லது). அடிபடாததில் மூலைக்கு மிக அருகில் இருப்பவை பி3, சி2. அங்கே காசு. அவற்றுக்கு வரக்கூடிய கட்டங்களை அடியுங்கள். அடுத்துக் காசு விழுவது டி6, எஃப்4. கடைசியாக இ8, ஹெச்5. முழுப் பலகையும் தீர்ந்துவிட்டது. இப்போது ஆட்டத்தை இப்படி ஆரம்பியுங்கள்: ஒருவர் மேல் வரிசையிலோ வலது ஓர நெட்டையிலோ தனக்குப் பிடித்த இடத்தில் ராணியை வைப்பார், மற்றவர் முதலில் நகர்த்துவார். காசு வைத்துப் பார்த்த பிள்ளை யோசிக்காமல் இ8-ஐயோ ஹெச்5-ஐயோ பிடிக்கும்.

யானை, ராஜா, ராணி என்ற வரிசையை மாற்ற வேண்டாம். ராணியில் ஆரம்பித்தால் ஒழுங்கு கண்ணில் படாது. யானையிலும் ராஜாவிலும் ‘எந்தக் கட்டத்தை விட்டுவைப்பது’ என்று யோசிக்கப் பழகிய பிறகு ராணி தானாக வரும்.

ஜூன் 14, பின்குறிப்பு

யானை ஆட்டம் உண்மையில் இரண்டு குவியல் கல் ஆட்டம். ஒரு முறைக்கு ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். மூன்று குவியல் வைத்தால் அதுதான் நிம் என்கிற ஆட்டம். சார்லஸ் பூட்டன் என்ற கணிதவியலாளர் 1901-ல் இதற்கு முழுத் தீர்வு கொடுத்தார். பிள்ளைக்குச் சொல்லும் விதம்: ஒவ்வொரு குவியலையும் 4, 2, 1 எனப் பிரி. 3, 4, 5 குவியல்கள் என்றால் 3 = 2+1, 4 = 4, 5 = 4+1. நாலுக்கு நாலு ஜோடி, ஒன்றுக்கு ஒன்று ஜோடி, 2 மட்டும் தனியாக நிற்கிறது. 3 குவியலிலிருந்து அந்த இரண்டை எடு. எல்லாம் ஜோடி, எதிராளி சிக்கிவிட்டார். ஈரடிமான எண்முறையை (0, 1 மட்டும் வைத்து எண் எழுதும் பைனரி முறை) இப்படி அறிமுகம் செய்தால் பிறகு பாடத்தில் வரும்போது பயம் இருக்காது.

ஜூன் 17

புள்ளி வைத்துக் கோடு போட்டுக் கட்டம் பிடிக்கும் ஆட்டத்தை யாரும் குறிப்பிடவில்லையே என்று ஒருவர் கேட்டார். நல்ல ஆட்டம், ஒன்பது வயதுக்கு மேல். எல்லாரும் நிற்கிற இடம் “மூன்றாவது கோட்டைப் போடாதே” என்பதில். அதற்கு மேலேதான் சுவாரசியம்.

ஆட்டம் முடியும் நேரத்தில் பலகை நீளச் சங்கிலிகளாகப் பிரிந்துவிடும்; சங்கிலி என்றால், ஒரு கட்டத்தைப் பிடித்தால் அடுத்தடுத்ததையும் பிடித்துக்கொண்டே போகக்கூடிய கட்டங்களின் வரிசை. 4 கட்டச் சங்கிலி ஒன்று, 5 கட்டச் சங்கிலி ஒன்று மிச்சம் என்று வையுங்கள். எதிராளி வேறு வழியில்லாமல் 4-ஐத் திறக்கிறார். ஆசைப்பட்டு நாலையும் எடுத்தால், அடுத்து நீங்கள் 5-ஐத் திறந்தாக வேண்டும்: 4-க்கு 5, தோல்வி. அதற்குப் பதில் இரண்டை மட்டும் எடுத்துவிட்டு, கடைசி இரண்டு கட்டத்தை ஒரே கோட்டில் அவர் எடுக்கும்படி விட்டுவிடுங்கள். அவர் இரண்டை எடுப்பார், எடுத்ததும் இன்னொரு கோடு போட்டாக வேண்டும், 5-ஐத் திறப்பார். இப்போது 2+5, ஏழுக்கு இரண்டு. கையில் வந்ததை விட்டுக்கொடுத்தால் அதிகம் கிடைக்கும் என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்பவே மாட்டார்கள். இரண்டு சங்கிலியையும் வரைந்து வைத்து, இரண்டு விதமாகவும் ஆடச் சொல்லி எண்ண வையுங்கள்.

பத்துக்குப் பத்துப் புள்ளி வேண்டாம், நாலுக்கு நாலு போதும். ஒன்பது கட்டம், சமன் வராது.

ஜூன் 17, இரவு

பல்லாங்குழி பற்றி: விதி பல வகை, அதனால் ஒரு வகைக்குச் சொல்கிறேன். பதினான்கு குழி, குழிக்கு 5 என்றால் 70. தொடர்ந்து அள்ளி அள்ளிப் போடும் விதியில் முன்கூட்டிக் கணிப்பது பிள்ளைக்கு முடியாது, கை போன போக்கில் ஆடும். ஒரு முறைக்கு ஒரே அள்ளல் என்று சுருக்கிவிட்டு, அள்ளும் முன் “கடைசி முத்து எந்தக் குழியில் விழும்?” என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். 14 முத்து இருந்தால் கிளம்பின குழிக்கே திரும்பும் என்பதைக் கண்டுபிடித்த பிள்ளை 16 முத்தை எண்ணிப் பார்க்காது, இரண்டு குழி தள்ளிக் காட்டும்.

ஜூன் 20

“பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?” ஜெயிப்பதை வைத்துப் பார்க்காதீர்கள். கல்லைக் குவித்து வைத்துவிட்டு, முதலில் ஆடுகிறாயா இரண்டாவதாக ஆடுகிறாயா என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால் உள்ளே போயிருக்கிறது. எப்போதும் “நான்தான் முதல்” என்றால் இன்னும் போகவில்லை. பிறகு விதியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். பழைய எண்ணையே சொன்னால் மனப்பாடம்; பட்டையைத் தேடினால் புரிதல்.

ஒன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாய்ப்பாடு, நீள் வகுத்தல், பின்னம் போடும் முறை இவற்றை விளையாட்டு சொல்லித் தராது. அவை எதற்கு என்பதைத்தான் காட்டும். பயிற்சி தனியாக வேண்டும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், இரண்டு மூன்று ஆட்டம், ஒரு கேள்வி. பிள்ளை இன்னும் ஆட வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்துவது நல்லது.

ஜூன் 22

அண்ணன் பத்து வயது, தங்கை ஆறு வயது. சேர்ந்து ஆடும்போது சின்னவளுக்குச் சலுகையாக 1, 2, 3 எடுக்கலாம், பெரியவனுக்கு 1, 2 மட்டும் என்று வைத்திருக்கிறாராம் ஒருவர். சரியா என்கிறார்.

சின்ன சலுகை போலத் தெரிகிறது, ஆனால் ஆட்டத்தையே முடித்துவிடுகிறது. மூன்று கல்லோ அதற்கு மேலோ இருந்தால், யார் ஆரம்பித்தாலும் தங்கைதான் ஜெயிப்பாள். அவள் செய்ய வேண்டியது, ஜெயிக்கும் வரை அண்ணனுக்கு மூன்றுக்குக் குறையாமல் விட்டுவைப்பது மட்டுமே. அண்ணன் முன்னால் மூன்று வந்தால் அவன் ஒன்றோ இரண்டோ எடுத்து, இரண்டோ ஒன்றோ மிச்சம் வைப்பான், அதை அவள் வழித்து எடுத்துவிடுவாள். 4, 5, 6 அவள் முன்னால் வந்தால் 1, 2, 3 எடுத்து அவனை 3-ல் நிறுத்துவாள். அதற்கு மேல் இருந்தால் ஒன்று ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தாலே போதும். கொஞ்ச நாளில் அண்ணனுக்கு வெறுத்துப்போகும், காரணமும் தெரியாது.

சலுகையை நகர்வில் கொடுக்காமல் தேர்வில் கொடுங்கள். விதி இருவருக்கும் ஒன்று. அண்ணன் கல்லைக் குவிப்பான், எத்தனை என்பது அவன் இஷ்டம். முதலில் ஆடுவது யார் என்பதைத் தங்கை சொல்வாள். அவள் தவறாகச் சொன்னால் மட்டும்தான் அவனுக்கு வழி. அவள் சரியாகச் சொல்ல ஆரம்பித்ததும் ஆட்டத்தின் நடுவே ஒரு முறை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையை அண்ணனுக்குக் கொடுங்கள். அப்போது இருவரும் ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் எண்ண வேண்டியிருக்கும்.

பழைய சலுகை விதியைத் தூக்கிப் போட வேண்டாம். தங்கை ஏன் எப்போதும் ஜெயித்தாள் என்பதை அண்ணனிடம் கேளுங்கள். இரண்டு பட்டை வேண்டும் அவனுக்கு, ஒன்று தன் முறைக்கு, ஒன்று அவள் முறைக்கு. ஆறு கட்டம் போட்டால் போதும்.